ஆறாம் வாரத்து அறிவிப்பு

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அக்காவின் செல்போன் சத்தம் போடவில்லை.

ஐந்து வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தது. செத்துப்போனவளின் போன், திங்கள்தோறும் சொல்லிவைத்தாற்போல எட்டு மணிக்கு ஒரு முறை சிணுங்கும். 'காலை வணக்கம் பிள்ளைகளே, இந்த வாரம் நாம் பார்க்கப்போவது...' என்று அக்கா தன் மாணவர்களுக்கு எழுதிய அறிவிப்பு திரையில் வந்து நிற்கும். அத்தான் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கப் போவார். காரணமே இல்லாமல் அந்த போனுக்குச் சார்ஜ் போட்டு, துடைத்து, தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தவருக்கு ஐந்து வாரமாக ஒரு காரணம் கிடைத்திருந்தது.

இந்தத் திங்களன்று எட்டேகால் வரை பார்த்தார். எட்டரை வரை பார்த்தார். பிறகு ரொட்டியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அக்காவின் தங்கை சின்ன டீச்சருக்கு இதைச் சொன்னவள் அக்கா மகள்.

புதிதாக வாசிக்க வந்தவர்கள் இது பேய்க்கதையோ என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு.

அக்கா, கல்லூரியில் எல்லாருக்கும் 'பெரிய டீச்சர்', இணையவழி மாணவர்களுக்கு உடலியல் நடத்தினாள். எதையும் கடைசி நேரத்துக்கு வைக்காத பிறவி. பாட வீடியோ, கேள்வித்தாள், வாராந்திர அறிவிப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார்செய்து, இந்த நாள் இந்த மணிக்குப் போகட்டும் என்று தேதி போட்டு வைத்துவிடுவாள். ஆறு மாதத்துக்கு முன்னால், பருவத்தின் ஐந்தாம் வாரத்து வியாழக்கிழமை, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயத்தில் ஒரு வால்வு பழுது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருந்தாள். கல்லூரி அன்றைக்கே அவளுடைய பாடப் பக்கத்தைப் பூட்டிவிட்டு, மாணவர்களை வேறு பிரிவில் சேர்த்துவிட்டது.

இந்தப் பருவம் அந்தப் பாடம் தங்கையின் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருடம் கரும்பலகையைத் தவிர வேறு தெய்வம் அறியாத சின்ன டீச்சரின் தலையில்.

பழைய பக்கத்தைப் பூட்டுத் திறந்து புதிதாக நகல் எடுத்துக் கொடுத்தவர் பாட வடிவமைப்பாளர். எதற்கெடுத்தாலும் ஒரு பட்டியலை நீட்டுவதால் கல்லூரியில் அவருக்குப் 'பட்டியல்' என்றே பெயர். எதெதை நகல் எடுக்க வேண்டும் என்று கணினி கேட்டபோது, "வீடியோ, கேள்வி, சரி. பழைய அறிவிப்பெல்லாம் வேண்டாம்தானே?" என்றார். சின்ன டீச்சர், அவ வச்சது எல்லாமே வரட்டும் என்று சொல்லிவிட்டாள். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. அறிவிப்புகளோடு அவற்றின் தேதிகளும் இந்தப் பருவத்துக்கு நகர்ந்து வரும், பக்கத்தில் இன்னும் பெயர் இருந்த அக்காவின் போனுக்கும் போகும் என்று அவளுக்கு எங்கே தெரியும்? முதல் திங்களன்று அக்காவின் எழுத்தைப் பார்த்து அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதையும், பட்டியல் விளக்கம் சொன்னதையும் முதல் அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டோம். இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்லட்டுமா என்றார் அவர். வேண்டாம், வர்றப்போ வரட்டும் என்று தடுத்துவிட்டாள்.

ஐந்தாம் வாரத்தில் இறந்தவள் ஐந்தாம் வாரம் வரைதான் எழுதியிருந்தாள் போலிருக்கிறது. ஆறாவது திங்கள் மௌனமாகப் போயிற்று. அந்த வீட்டில் இரண்டாவது சாவு விழுந்த மாதிரி இருந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை.

* * *

காலை பதினொரு மணிக்குப் பட்டியல் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் அறையில் ஜன்னல் இல்லை. மூன்று திரைகள், ஒரு வாடிய செடி, சுவரில் முப்பத்தெட்டு வரி கொண்ட ஒரு தாள். நல்ல இணையப் பாடத்துக்கு இருக்க வேண்டிய முப்பத்தெட்டு லட்சணங்கள். பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை பார்க்க மாட்டான் என்று சின்ன டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தாள். அவர் சிரிக்கவில்லை, சிரிப்பு அந்தத் தாளில் இல்லை.

ஆனால் மனிதர் கெட்டவர் அல்ல. ஒன்றரை மாதமாகப் பொறுமையாகத்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவள் முதலில் எடுத்த வீடியோ ஐம்பத்திரண்டு நிமிடம். அதில் முக்கால் பங்கு அவள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். "டீச்சர், உங்க கொண்டை ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு," என்றார் பட்டியல். நடுவில் ஒரு இடத்தில் அவள் யாருமில்லாத அறையில் கடைசி பெஞ்சை அதட்டியும் இருந்தாள்.

ஒரு வீடியோ ஏழு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு விஷயம். பாடத்தை முதல் பக்கத்திலிருந்து கட்டாதீர்கள், வாரக் கடைசியில் மாணவனுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள், அதைச் சோதிக்கும் கேள்வியை அடுத்து எழுதுங்கள், பாடம் கடைசியில் வரட்டும் என்றார். கூரையைப் போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டச் சொல்கிறாரே என்று அவளுக்கு இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவின் வாரங்களைப் பிரித்துப் பார்த்தபோது அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் கட்டியிருந்தாள் என்பது தெரிந்தது. அந்த ராத்திரி சின்ன டீச்சர் அக்காவின் கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கற்றுக்கொண்டாள். கேள்வி எழுதினாள், விடைத்தாள் திருத்தினாள், பதில் போட்டாள். ஆனால் ஒன்று மட்டும் செய்யவில்லை. செவ்வாய்தோறும் நான்கு மணிக்கு நடக்க வேண்டிய நேரலை வகுப்பை, 'இந்த வாரம் கேள்விகளை எழுதி அனுப்பவும்' என்று தட்டிக்கழித்தபடியே இருந்தாள். தன் பெயரில்லாமல் 'பாட ஆசிரியர்' என்று கையெழுத்திட்டாள். வகுப்பறையில் புலி, கேமராவின் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தால் எலி. மாணவர்கள் அக்காவின் வீடியோவைப் பார்த்தார்கள், அக்காவின் அறிவிப்பைப் படித்தார்கள். தங்களுக்குப் பாடம் எடுப்பவள் அக்காதான் என்று நம்பினார்கள்.

பட்டியல் இன்று தாளைப் பார்க்காமல் பேசினார்.

"நாப்பத்திரெண்டு பேர் டீச்சர். வேலைக்குப் போயிட்டுப் படிக்கிறவங்க. ஆறாவது வாரமா அவங்க யாருகிட்டப் படிக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. இதுக்கு மேல நான் கண்டுக்காம இருக்க முடியாது."

இன்று நான்கு மணிக்கு அவள் முகத்தைக் காட்டி உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாடம் நாளைக்கே வேறு ஒருவர் கைக்குப் போகும். அந்த ஒருவர் தன் வீடியோக்களைத்தான் போடுவார். அக்காவினுடையவற்றை எல்லாம் கழற்றிவிடுவார். வகுப்பைப் பார்க்க நானும் ஓரத்தில் இருப்பேன் என்றார் பட்டியல்.

அக்காவின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த வீடியோக்களில் மட்டும்தான். சின்ன டீச்சர் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

* * *

வீடியோ எடுக்கும் இடம் அக்கா வீட்டில், அக்காவின் துணி அலமாரிக்கு முன்னால். அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு, அதைப் பார்த்து உட்கார்ந்து பேச வேண்டும். உள்ளே தொங்கும் துணிகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவளும் அக்காதான். ஆறு மாதமாக யாரும் அந்தத் துணிகளை எடுக்கவில்லை. கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனைக்கு அடியிலிருந்து அக்காவின் முகப்பவுடர் வாசனை கொஞ்சம் வந்தது.

சின்ன டீச்சரின் வீடு இரண்டு தெரு தள்ளி. தனிக்கட்டை. சாயங்காலங்களில் பாதி இங்கேதான். அக்கா இருந்தபோது வாய்ச் சண்டைக்கு வருவாள். இப்போது பாடம் எடுக்க வருகிறாள்.

இரண்டு மணிக்கு மகள் வந்தாள். பத்தொன்பது வயது, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படிக்கிறாள். அம்மாவுக்கு விளக்குப் பிடித்துப் பழக்கப்பட்ட கை. ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் மடிக்கணினியை ஏற்றி, கேமரா சித்தியின் கண்ணுக்கு நேராக வருகிறதா என்று பார்த்தாள்.

"நீ திரையில இருக்கற மூஞ்சியப் பாக்காத சித்தி. இந்தப் புள்ளியப் பாரு. அம்மா இதுக்குப் பக்கத்துல என் சின்ன வயசு போட்டோவ ஒட்டி வச்சிருந்தா. அதைப் பாத்துப் பேசறப்போ மாணவனப் பாக்கற மாதிரியே இருக்குமாம்."

ஒட்டிய இடத்தில் பசை மட்டும் இருந்தது. சின்ன டீச்சர் அதை விரலால் தடவினாள்.

இந்த வாரப் பாடம், உடம்பின் சமநிலை. 'சுழன்று நின்றபின் தலை ஏன் சுற்றுகிறது என்பதை மாணவர் தம் வீட்டில் உள்ள ஒரு பொருளை வைத்து விளக்கிக் காட்டுவார்' என்று இதற்கு இலக்கு எழுதியிருந்தாள். அவளே எழுதிய முதல் இலக்கு. பட்டியல் அதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணீர், ஒரு சிட்டிகைத் தேயிலை, அக்காவின் சுழல் நாற்காலி. அவ்வளவுதான் சாமான்.

மகள் டம்ளரைத் துடைத்துக்கொண்டே பேசினாள். நேற்று அப்பா சாப்பிடாமல் போனதைச் சொன்னாள். கடையில் ஒருவருக்குக் கண்ணாடியின் பவரை மாற்றிக் கொடுத்துவிட்டாராம். முப்பது வருடத்தில் முதல் தடவை.

"அவருக்கு அம்மா மேல கோபம் சித்தி. வெளில சொல்ல மாட்டாரு. எனக்கும்தான்."

"செத்தவ மேல என்னடி கோபம்?"

"டாக்டர் நாலாவது வாரம் வாங்கன்னு தேதி குடுத்தாரு. பாடத்தைப் பாதியில விட முடியாது, பருவம் முடியட்டும்னு சொல்லிட்டா. முன்னப்பின்ன பாக்காத நாப்பது பேருக்காக. அப்பாவும் நானும் அவ நினைப்புலயே இல்ல." டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லா திட்டணும்போல இருக்கு. தினமும் மனசுக்குள்ள திட்டிட்டுதான் தூங்கறேன்."

சின்ன டீச்சர் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

வாசகர்களுக்குத் தெரியும், அது என்னவென்று. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போன பருவம் இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், அக்கா தங்கை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது, நாலாம் வாரத்திலிருந்து ஐந்து வாரம் என் வகுப்பைப் பார்த்துக்கொள் என்று கேட்டாள். தங்கை முடியாது என்றாள். கேமரா என்றாலே வயிற்றைக் கலக்குகிறது, அந்தக் கண்றாவியெல்லாம் எனக்கு வராது, வேறு யாரையாவது கேள் என்றாள். எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி என்று கேட்கக்கூட இல்லை. ஏதோ பரிசோதனை என்று நினைத்துக்கொண்டாள். அக்கா, சரி விடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்றே வாரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இது அத்தானுக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. ஆறு மாதமாக அவர்கள் செத்தவள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தி?"

"விளக்கை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பிடி," என்றாள் சின்ன டீச்சர்.

* * *

நான்கு அடிக்க இரண்டு நிமிடம். பாடப் பக்கத்தின் முகப்பை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அக்காவின் முகம் இருக்கும். நேராக நேரலை அறையைத் திறந்தாள்.

ஒவ்வொரு சதுரமாக எழும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு பெண். மடியில் தூங்கும் குழந்தையோடு ஒரு தாய். எங்கோ நிறுத்திய பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். ஓரத்தில் முகம் காட்டாத ஒரு கறுப்புச் சதுரம், அது பட்டியல். ஆறு வாரமாக இவர்களுடைய விடைத்தாளைத் திருத்தியிருக்கிறாள். எழுத்தைத் தெரியும், ஆளைத் தெரியாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. பசை ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"வணக்கம். நான் உங்க..."

"வணக்கம் மேடம்," என்றார் ஓட்டுநர், எழுந்து நிற்கப் போகிறவர் போல. "உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம். பெரிய மேடம் எப்படி இருக்காங்க? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?"

மகளின் கையிலிருந்த விளக்கு ஆடியது. சுவரில் அலமாரிக் கதவின் நிழல் பெரிதாகிச் சிறிதாயிற்று.

"எந்த ஆபரேஷன்?" என்றாள் சின்ன டீச்சர்.

"மேடம் எழுதியிருந்தாங்களே. இப்போ, அரை மணிக்கு முன்னாடி."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சீருடைப் பெண் குறுக்கிட்டாள். நான் படிச்சுக் காட்டவா மேடம் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படிக்க ஆரம்பித்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து அக்கா பேசினாள்.

'அன்புள்ள பிள்ளைகளே, இன்று முதல் ஐந்து வாரம் நான் வர மாட்டேன். என் இதயத்தில் ஒரு கதவு சரியாகச் சாத்திக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஆள் வைத்துச் சரிசெய்யப் போகிறேன். எந்தக் கதவு என்று மூன்றாம் வாரப் படத்தில் பாருங்கள், தேர்வில் கேட்பேன். எனக்குப் பதிலாக என் தங்கை வருவாள். அவளுக்குக் கேமரா என்றால் பயம். எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பாள், பிறகு வந்து நிற்பாள். மூன்று வயதிலிருந்து அப்படித்தான். அவள் கை நடுங்கினால் யாரும் சிரிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த டீச்சர்களில் அவள்தான் நல்ல டீச்சர். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தலைக்கனம் பிடித்துவிடும்.'

யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். நல்ல சிரிப்புதான். அவளை வரவேற்கும் சிரிப்பு.

சின்ன டீச்சர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்போது எழுந்து போய்விடலாம். மின்சாரம் போய்விட்டது என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வகுப்பை விட்டும் அவள் பாதியில் ஓடியதில்லை என்பதை நினைத்துக்கொண்டாள்.

"அக்கா இல்ல," என்றாள். "ஆறு மாசம் ஆச்சு. அந்த ஆபரேஷன் நடக்கவே இல்ல. இது அவ உயிரோட இருந்தப்போ, போன பருவத்துப் பிள்ளைங்களுக்காக எழுதி வச்சது. இன்னிக்குத்தான் உங்களுக்கு வந்திருக்கு. இத்தனை நாள் உங்க தாளைத் திருத்தினது நான். முதல் வாரமே வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டு ஒளிஞ்சிட்டிருந்தேன். மன்னிச்சிடுங்க."

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தைக்காரி கலங்கிய கண்ணோடு கேமராவை அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டாள். சீருடைப் பெண்தான் கடைசியில் பேசினாள். போன வாரம் அந்த மேடத்தின் வீடியோவைப் பார்த்துத்தான் ஒரு நோயாளியின் மூச்சு மாறுவதைத் தான் கண்டுபிடித்ததாகவும், அதற்கு நன்றி எழுத இருந்ததாகவும் சொன்னாள்.

"என்கிட்ட எழுதுங்க," என்றாள் சின்ன டீச்சர். "நான் வாங்கிக்கறேன்."

பிறகு பாடம் நடத்தினாள். டம்ளரை அக்காவின் சுழல் நாற்காலியின் நடுவில் வைத்து, தேயிலையைத் தூவி, நாற்காலியைச் சுற்றிவிட்டாள். கை நடுங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. காதுக்குள் இருக்கும் சின்னக் குழாய்களைச் சொன்னாள், அதற்குள் இருக்கும் தண்ணீரைச் சொன்னாள். முதலில் டம்ளர் ஓடுகிறது, தண்ணீர் பின்தங்குகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் கூடச் சுற்றப் பழகிவிடுகிறது. நாற்காலியைச் சட்டென்று பிடித்து நிறுத்தினாள்.

"டம்ளர் நின்னுடுச்சு. இப்போ உள்ள பாருங்க. தேயிலை இன்னும் சுத்திட்டிருக்கு. நின்னு போனது அதுக்கு இன்னும் தெரியல. அதான் தலைசுத்தல்."

மடிக்கணினியைச் சாய்த்து டம்ளரைக் காட்டினாள். நாற்பத்திரண்டு பேரும் தேயிலை அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேரத்தைப் பார்த்தபோது ஏழு நிமிடத்தை எப்போதோ தாண்டியிருந்தது.

* * *

வகுப்பு முடிந்ததும் போன் அடித்தது. பட்டியல். கையில் ஈரத் தேயிலை ஒட்டியிருந்ததால் அவள் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். மகள் விளக்கைப் பிடித்தபடியே நின்றாள்.

பட்டியல் முதலில் மன்னிப்புக் கேட்டார். அறிவிப்புகளை எண்ணிப் பார்க்காதது தன் தவறு என்றார். பாடம் அவளிடமே இருக்கும், அக்காவின் வீடியோக்கள் இருக்கும், அதற்குத் தான் பொறுப்பு என்றார். முப்பத்தெட்டிலும் டிக் போட்டுவிட்டேன் என்றபோது அவருக்கே குரல் கம்மியது. அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியல் போடுகிறவருக்கு எதையும் முழுசாகச் சொல்லித்தான் பழக்கம்.

"அந்த அறிவிப்போட வரலாறை எடுத்துப் பாத்தேன் டீச்சர். போன பருவம் ரெண்டாம் வாரம் எழுதியிருக்காங்க. முதல்ல நாலாம் வாரம்னு தேதி. அப்புறம் அந்த ரெண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமையே, ராத்திரி ஒன்பது மணிக்கு, ஆறாம் வாரத்துக்கு மாத்தியிருக்காங்க. அழிக்கல. ரெண்டு வாரம் தள்ளி மட்டும் வச்சிருக்காங்க."

அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை. சரி விடு என்று சொல்லிவிட்டுப் போன வெள்ளிக்கிழமை. அக்கா தன் வீட்டுக்குத் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டு, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தங்கை மனசு மாற இரண்டு வாரம் கொடுத்திருக்கிறாள். வேறு யாரையும் கேட்கவில்லை. பிறகு வந்து நிற்பாள் என்ற வரியை எடுக்கவும் இல்லை. சின்ன டீச்சருக்கு ஆறு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நெஞ்சில் உடைந்தது. அழுகையா, ஆறுதலா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான். கடை மூடும் நேரம் இல்லை. கையில் அக்காவின் போன் இருந்தது. மூன்றரை மணிக்கு அது சத்தம் போட்டிருக்கிறது. வாடிக்கையாளரை அப்படியே உட்கார்த்திவிட்டு வந்திருக்கிறார் என்பது சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த, கண் அளக்கும் சின்ன அளவுகோலில் தெரிந்தது.

அவர் உள்ளே வரவில்லை. அறைவாசலில் நின்று, திறந்திருந்த அலமாரியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சின்னு, இதுல நீ வருவேன்னு எழுதியிருக்கா. எங்கிட்ட அவ அப்படி ஒரு வார்த்தை சொல்லல. மாத்திக் குடுக்க ஆள் இல்ல, பருவம் முடியட்டும்னுதான் சொன்னா." போனைப் பிடித்திருந்த கை தாழ்ந்தது. "உன்னைக் கேட்டாளா அவ?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். கேட்க இருந்திருப்பாள், அதற்குள் போய்விட்டாள் என்று சொல்லலாம். அக்கா வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. மகள் மட்டும்தான் பட்டியல் சொன்னதைக் கேட்டவள். அவளுக்கும் அந்த வெள்ளிக்கிழமை என்னவென்று தெரியாது. முகத்தின் மேல் விளக்கு அடித்துக்கொண்டிருந்தது. சின்ன டீச்சர் கண் கூச அவரைப் பார்த்தாள்.

"கேட்டா அத்தான். போன பருவம் ரெண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்து கேட்டா. நான்தான் முடியாதுன்னேன்."

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். முப்பது வருடப் பழக்கம். துடைத்துக்கொண்டே இருந்தார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

பேசியவள் மகள். குரல் உயரவில்லை. சின்ன டீச்சருக்கு அதுதான் தாங்கவில்லை.

"அப்போ இன்னிக்கு மத்தியானம் நான் அம்மாவைத் திட்டினப்போ," என்றாள், "விளக்கை இடது பக்கம் பிடின்னு சொன்னியே சித்தி."